உள்ளீட்டு முனை வழியாக உட்பொதி லினக்ஸ் பலகையை உறக்கத்திலிருந்து எழுப்புதல்: பீகிள்போன் பிளாக் பலகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மின்கலத்தால் இயங்கும் உட்பொதி லினக்ஸ் கருவிகள் பெரும்பொழுதை உறக்கத்தில் கழித்து, வெளியிலிருந்து ஒரு குறிப்பலை வரும்பொழுது மட்டும் எழ வேண்டியவை. ஓர் உள்ளீட்டு முனையில் மின்னழுத்தம் மாறினால் பலகை எழுந்துவிடும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் முனை அமைந்துள்ள மின் வட்டாரம், முனையின் மின்னியல் அமைவு, குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி, சாதன இயக்கி, பயனர்வெளிக் கொள்கை ஆகிய ஒவ்வோர் அடுக்கும் இசைவு தந்தாலன்றி எழுப்புதல் நிகழாது. இசைவு எந்த அடுக்கில் விடுபட்டாலும் பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை. பலகை உறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வடுக்குகளைப் பீகிள்போன் பிளாக் பலகையையும் மழைமானிப் பயன்பாட்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உட்பொதி லினக்ஸ், உறக்கநிலை, உள்ளீட்டு முனை, குறுக்கீடு, சாதன மரம், எழுப்பு மூலம், மின் வட்டாரம்.

முன்னுரை

வாளி கவிழும் வகை மழைமானி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புனல் வழியே இறங்கும் மழைநீர் இரு சிறு வாளிகளுள் ஒன்றில் சேர்கிறது. குறித்த அளவு நிரம்பியதும் வாளி கவிழ்கிறது. அதனோடு இணைந்த காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து செல்கையில் அச்சுவிட்சு கணப்பொழுது மூடித் திறக்கிறது. ஒரு கவிழ்வுக்கு 0.2 மில்லிமீட்டர் மழை என்பது பரவலாக வழங்கும் அளவு. கவிழ்வுகளை எண்ணி, நேரத்தோடு பதிந்து, நாள்தோறும் தொகையை அனுப்புவது மானியோடு இணைந்த பலகையின் பணி.

மழையற்ற பொழுதே ஆண்டில் மிகுதி. அப்பொழுதெல்லாம் பலகை முழு விழிப்பில் இருந்தால் என்னாகும்? பலகை 2 வாட் மின்திறன் உட்கொள்வதாகக் கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில மின்கலம் தரக்கூடியது 84 வாட்-மணி. மாற்றிழப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் 42 மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். மூன்று நாள் மூடுபனியோ மேகமூட்டமோ சூரியத் தகட்டை மறைத்தால் கருவி நின்றுபோகும். ஆகவே உறக்கம் தவிர்க்க இயலாதது.

உறங்கிய பலகை முதல் கவிழ்வில் எழாவிட்டால் நேரும் தீங்கு இன்னும் பெரிது. இத்தகைய கருவி வழக்கமாகக் கடிகார அலாரத்தாலும் நாளுக்கொருமுறை எழுந்து தொகையை அனுப்பும். முனையின் வழி எழுப்புதல் பழுதுற்றிருந்து, அலாரம் மட்டும் ஒழுங்காக வேலைசெய்தால், கருவி நாள்தோறும் தவறாமல் ‘மழை 0’ என்று அனுப்பிக்கொண்டிருக்கும். நின்றுபோன கருவி தரவில் வெற்றிடத்தை விடும். அதைப் பின்னால் வருவோர் கண்டுகொள்வர். எழாத கருவி விடுவதோ பூச்சியம். அந்தப் பூச்சியத்தை உண்மையான வறண்ட நாளின் பூச்சியத்திலிருந்து பிரித்தறிய வழியில்லை.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் தானே விழிப்பதற்கும் பிறரை எழுப்புவதற்கும் ஒரே வினை வழங்குகிறது. தமிழிலோ எழு என்னும் தன்வினையும் எழுப்பு என்னும் பிறவினையும் தெளிவாக வேறுபட்டு நிற்கின்றன. இவ்வேறுபாடு இங்குப் பெரிதும் துணைசெய்கிறது. உறங்கும் நுண்செயலி தானே எழுவதில்லை. உறங்காத வேறொன்று அதனை எழுப்புகிறது. எனவே எந்தப் பலகையை ஆராயும்பொழுதும் முதலில் எழ வேண்டிய வினா, ‘எழுப்புவது எது?’ என்பதே.

உறக்கத்தின் ஆழம்

லினக்ஸில் உறக்கம் ஒரே நிலையன்று. சிஸ் கோப்புமுறைமையின் பவர் அடைவிலுள்ள ‘ஸ்டேட்’ என்னும் கோப்பில் ‘ஃப்ரீஸ்’ என்று எழுதினால் பயனர் நிரல்கள் உறையவைக்கப்பட்டு, சாதனங்கள் நிறுத்தப்பட்டு, நுண்செயலி வேலையற்ற நிலையில் காத்திருக்கும். மின்னூட்டம் பெரும்பாலும் துண்டிக்கப்படுவதில்லை. ‘மெம்’ என்று எழுதினால், வன்பொருள் துணைநிற்குமாயின், நினைவகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்குச் செல்ல, நுண்செயலியின் பெரும்பகுதி மின்னூட்டம் இழக்கும். நினைவகத்திலுள்ள செய்தி மட்டும் அழியாமல் இருக்கும்.

இங்கே மாணவர் பலரும் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. புதிய கர்னல்களில் ‘மெம்’ என்னும் சொல்லின் பொருளை அதே அடைவிலுள்ள ‘மெம்_ஸ்லீப்’ என்னும் கோப்பு தீர்மானிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திற்கான வன்பொருள் துணை கர்னலில் பதிவாகியிராவிட்டால், ‘மெம்’ என்று எழுதினாலும் நிகழ்வது முன்சொன்ன மேலோட்டமான உறக்கமே. கட்டளை வெற்றி பெற்றதாகவே திரும்பும். ஆய்வகத்தில் எந்த முனையாலும் எழுந்த பலகை, நிலைப்பொருள் ஒழுங்காக நிறுவப்பட்ட களத்தில் எழ மறுப்பதற்கு இது ஒரு காரணம். உறங்கச் செல்லும் முன் ‘மெம்_ஸ்லீப்’ கோப்பில் ‘டீப்’ என்னும் சொல் பகர அடைப்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நன்று.

ராஸ்பெரி பை பலகைகளில் பழகியவர்களுக்கு வேறொரு மயக்கம் நேர்வதுண்டு. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில், பணிநிறுத்தம் செய்தபின் ஜிபிஐஓ 3 முனையைத் தரையோடு இணைத்தால் பலகை உயிர்பெறும். அது உறக்கத்திலிருந்து எழுவதன்று. இயங்குதளம் முதலிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. நினைவகத்தில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. அப்பலகைகளில் நினைவகம் உயிரோடிருக்க நுண்செயலி உறங்கும் நிலையே வழங்கப்படவில்லை. ஆகவே இக்கட்டுரைக்கு வேறு பலகை தேவைப்பட்டது.

எழுப்புவது எது?

2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகையில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏஎம்3358 சில்லு அமைந்துள்ளது. லினக்ஸ் இயங்குவது அதிலுள்ள கார்ட்டெக்ஸ்-ஏ8 நுண்செயலியில். அதே சில்லுக்குள் கார்ட்டெக்ஸ்-எம்3 என்னும் சிறிய நுண்செயலி ஒன்றும் உள்ளது. மின்மேலாண்மை அதன் பொறுப்பு. லினக்ஸ் உறங்க முடிவுசெய்ததும் இறுதிக் கட்ட வேலைகளைச் சிறியதிடம் ஒப்படைத்துவிட்டுப் பெரியது அணைகிறது. பின்னர் எழுப்பும் குறிப்பைப் பெற்று, மின்னூட்டத்தையும் கடிகாரத் துடிப்பையும் மீட்டுப் பெரியதை எழுப்புவது சிறியதே. இதற்கான நிலைப்பொருள் கோப்பை லினக்ஸ்தான் தொடக்கத்தில் எம்3க்குள் ஏற்ற வேண்டும். அக்கோப்பு விடுபட்டால் ஆழ்ந்த உறக்கம் கிட்டாது.

சில்லின் உறுப்புகள் பல மின் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் விழிப்பு வட்டாரம் எனப்படும் ஒன்று மட்டும் ஆழ்ந்த உறக்கத்திலும் உயிரோடிருக்கிறது. எம்3 இருப்பது அங்கே. பூச்சியமாம் எண் யுஏஆர்டி, ஐ2சி அலகுகளும், டைமர்கள் சிலவும், தொடுதிரைக்கான அனலாக் உள்ளீட்டு அலகும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. நிகழ்நேரக் கடிகாரத்தின் அலாரமும் எழுப்பும் ஆற்றலுடையது. பொதுப்பயன் முனைகளைப் பொறுத்தவரை, சில்லில் 32 முனைகள் கொண்ட நான்கு தொகுதிகள் உள்ளன. அந்நான்கில் ஜிபிஐஓ0 என்னும் தொகுதி மட்டுமே விழிப்பு வட்டாரத்தில் உள்ளது. மற்ற மூன்றும் புறச்சாதன வட்டாரத்தைச் சேர்ந்தவை; ஆழ்ந்த உறக்கத்தில் அவ்வட்டாரம் செயலற்றுக் கிடக்கிறது.

இதன் விளைவைப் பலகையின் மேல் காணலாம். பலகையின் இருபுறமும் பி8, பி9 என்னும் 46 முனை வரிசைகள் உள்ளன. பி9 வரிசையின் 11ஆம் முனை ஜிபிஐஓ0 தொகுதியில் 30 என்னும் எண்ணுடையது; அதனால் பலகையை எழுப்ப முடியும். அதற்கு நேர் பக்கத்திலுள்ள 12ஆம் முனை ஜிபிஐஓ1 தொகுதியில் 28 என்னும் எண்ணுடையது, அதனால் முடியாது. இரண்டிற்கும் இடையே இருப்பது 2.54 மில்லிமீட்டர். விழித்திருக்கும் பலகையில் இரண்டும் ஒரே மாதிரி வேலைசெய்யும்; குறுக்கீடும் தரும். எந்த மென்பொருள் மாற்றமும் 12ஆம் முனைக்கு அந்த ஆற்றலை வழங்காது. பி8 வரிசையில் 13, 14, 17, 19 ஆகிய முனைகள் ஜிபிஐஓ0 தொகுதியைச் சேர்ந்தவை. மின்சுற்றுப் பலகையை வரையும் முன்பே பார்க்கவேண்டிய செய்தி இது. வரைந்து அச்சிட்ட பின் தெரியவந்தால் கம்பியொன்றை மேலே பற்றவைப்பதைத் தவிர வழியில்லை.

முனையின் மின்னியல்

ரீட் சுவிட்சின் ஒரு முனை தரையோடும் மறுமுனை பி9 வரிசையின் 11ஆம் முனையோடும் இணைகின்றன. சுவிட்சு திறந்திருக்கும்பொழுது முனை மிதக்கக்கூடாது. மிதக்கும் முனையில் அருகிலுள்ள மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அலைகூடப் பொய்க்குறிப்பைத் தோற்றுவிக்கும். பலகை காரணமின்றி எழுந்துகொண்டே இருக்கும். ஆகவே மேலிழு மின்தடை தேவை. சில்லுக்குள்ளேயே ஒன்று உண்டு. மானிக்கும் பலகைக்கும் இடையில் பல மீட்டர் கம்பி ஓடுமானால் அதை மட்டும் நம்பாமல் வெளியே 10 கிலோ ஓம் அளவில் ஒன்றை வைப்பது நல்லது. அவ்வெளித் தடைக்கு ஊட்டம் தரும் மின்வழி உறக்கத்திலும் உயிரோடிருக்க வேண்டும். அவ்வழி அணைந்தால் முனையும் தாழ்நிலைக்கு இறங்கிவிடும்; பலகை உறங்கிய நொடியிலேயே பொய்யாக எழும், அல்லது மாற்றம் காண இயலாமல் எழாமலே போகும்.

ஒவ்வொரு முனைக்கும் ஓர் அமைவுப் பதிவகம் உள்ளது. அதன் கடைசி மூன்று பிட்டுகள் முனையின் வேலையைத் தேர்கின்றன. ஜிபிஐஓ வேலைக்கு 7. மேலிழுப்பதா கீழிழுப்பதா என்பதற்கு ஒரு பிட். உள்ளீட்டு ஏற்பியை இயக்குவதற்கு வேறொரு பிட். ஏற்பியோடும் மேலிழு தடையோடும் கூடிய ஜிபிஐஓ அமைவு பதினறும முறையில் 37. ஏற்பிக்குரிய பிட் விடுபட்டு 17 என்று எழுதப்பட்டால், மின்னழுத்தமானியில் முனை ஒழுங்காக ஏறி இறங்குவது தெரியும். சில்லுக்கோ எதுவும் தெரியாது. இம்முனைகள் 3.3 வோல்ட் அளவுக்கு உரியவை. 5 வோல்ட் வெளியீடுள்ள உணரியை நேரடியாக இணைத்தல் கூடாது.

கர்னலில் எழுப்பும் உரிமை

உறங்கும் வழியில் கர்னல் முதலில் பயனர் நிரல்களை உறையவைக்கிறது. பின்னர் சாதன இயக்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. அதன்பின் குறுக்கீடுகளை முடக்குகிறது. இறுதியில் முதன்மை உள்ளகத்தைத் தவிர மற்றவற்றை அணைத்து வன்பொருளிடம் பொறுப்பை விடுகிறது. குறுக்கீடுகள் முடக்கப்படும் அந்தக் கட்டத்தில், எழுப்பும் உரிமை பெற்றவை மட்டும் விதிவிலக்காக நிற்கின்றன. அவ்வுரிமையை ‘எனேபிள்_ஐஆர்க்யூ_வேக்’ என்னும் சார்பின் வழியாக இயக்கியே கேட்டுப் பெற வேண்டும்.

பைத்தான் நிரலிலோ ஷெல் நிரலிலோ ஒரு முனையின் விளிம்பு மாற்றத்திற்காகக் காத்திருப்பது அவ்வுரிமையைத் தருவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்நிரல்தான் முதலில் உறைகிறது. காவலாளி உறங்கியபின் வாயில்மணிக்குக் கம்பி இல்லை என்ற நிலை அது.

மிக எளிய வழி, கர்னலிலேயே உள்ள ‘ஜிபிஐஓ-கீஸ்’ என்னும் இயக்கியைப் பயன்படுத்துவது. பொத்தான்களுக்காக எழுதப்பட்டதாயினும் ரீட் சுவிட்சும் அதற்கு ஒரு பொத்தானே. சாதன மரத்தில் அவ்வியக்கிக்குரிய கணு ஒன்றை அமைத்து, அதனுள் முனையையும், தாழ்நிலையே செயல்நிலை என்பதையும், ‘லினக்ஸ்,கோட்’ என்னும் பண்பில் விசை எண்ணையும் குறிக்க வேண்டும். எழுப்பும் விசைக்கென வழங்கும் எண் 143. இவற்றோடு ‘வேக்கப்-சோர்ஸ்’ என்னும் பண்பையும் சேர்க்க வேண்டும். மதிப்பு எதுவும் வேண்டாத இந்த ஒற்றைச் சொல் இல்லாவிட்டால் முனை விழிப்பில் வேலைசெய்யும், உறக்கத்தில் செய்யாது. பழைய சாதன மரங்களில் ‘ஜிபிஐஓ-கீ,வேக்கப்’ என்னும் வடிவம் காணப்படும். புதிதாக எழுதுவோர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

இயக்கி உரிமை பெற்றபின்னும் இறுதி முடிவு பயனர்வெளியிடம் இருக்கிறது. சாதனத்தின் அடைவில் பவர் என்னும் பிரிவிலுள்ள ‘வேக்கப்’ கோப்பில் ‘எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும். ‘ஜிபிஐஓ-கீஸ்’ இயக்கி அதை இயல்பாகவே அவ்வாறு வைக்கிறது. மின்சேமிப்புக்கென நிறுவப்பட்ட வேறு நிரல் ஏதேனும் அதை மாற்றிவிட்டால் கர்னல் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும்.

ரீட் சுவிட்சு மூடியிருப்பது நொடியின் சிறு பகுதியே. பலகை எழுந்து, குறுக்கீட்டைக் கையாளும் சார்பு இயங்கி முனையைப் பார்ப்பதற்குள் சுவிட்சு திறந்துவிட்டிருக்கும். முனையின் தற்போதைய நிலையை மட்டும் பார்த்தால் எதுவும் நிகழாதது போலிருக்கும். இதனை உணர்ந்தே அவ்வியக்கியை எழுதியோர், உறக்கத்தின்பொழுது குறுக்கீடு வந்தால் விசை ஒருமுறை அழுத்தப்பட்டதாகத் தாமே ஒரு நிகழ்வை ஆக்கி அனுப்பும்படி செய்துள்ளனர். தனியே இயக்கி எழுத முனைவோர் பலர் இவ்விடத்தை விட்டுவிடுகின்றனர். தொடுமுனை அதிர்வைக் கழிக்க அவ்வியக்கி இயல்பாக 5 மில்லிநொடி காத்திருக்கிறது. ரீட் சுவிட்சுக்கு அதைச் சற்றுக் கூட்டுவது நல்லது.

உறங்கப்போகும் வேளையில் வரும் குறிப்பு

கடினமான சிக்கல் இதுவே. பயனர் நிரல் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை என்று கண்டு, உறங்கும்படி கட்டளை இடுகிறது. அந்த முடிவுக்கும் குறுக்கீடுகள் முடக்கப்படும் கணத்துக்கும் இடையில் வாளி கவிழ்ந்தால்? கையாளும் சார்பு இயங்கி நிகழ்வை வரிசையில் சேர்க்கிறது. அதைப் படிக்க வேண்டிய நிரலோ உறைந்துவிட்டது. பலகை உறங்குகிறது. கவிழ்வு வரிசையிலேயே கிடந்து, அடுத்த கவிழ்வு வந்து எழுப்பும்பொழுதுதான் வெளிப்படும். அந்த அடுத்த கவிழ்வு மறுநாள் வரலாம். நேரக்குறிப்பை நிகழ்விலிருந்து எடுக்காமல் படிக்கும்பொழுது இடும் நிரலாயின், முதல் மழை மறுநாளைக்குரியதாகப் பதிவாகும்.

ஆண்ட்ராய்டு கருவிகளுக்காக வேறொரு முறை முன்மொழியப்பட்டு நெடிய விவாதம் எழுந்த காலத்தில், ரஃபேல் வைசாக்கி 2010இல் ஒரு தீர்வைக் கர்னலில் சேர்த்தார். 2.6.36 பதிப்பு முதல் பவர் அடைவில் ‘வேக்கப்_கவுண்ட்’ என்னும் கோப்பு உள்ளது. எழுப்பு நிகழ்வுகளின் எண்ணிக்கை அதில் கிடைக்கும். நிரல் முதலில் அவ்வெண்ணைப் படிக்க வேண்டும். பின்னர் வரிசையில் காத்திருக்கும் நிகழ்வுகளை எல்லாம் எடுத்து முடிக்க வேண்டும். அதன்பின் படித்த அதே எண்ணை அக்கோப்பில் திரும்ப எழுத வேண்டும். இடையில் புதிய நிகழ்வு வந்திருந்தால் எழுதுதல் தோல்வியுறும். நிரல் உறங்காமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுதல் வெற்றி பெற்றால், அதற்குப் பிறகு வரும் எந்த நிகழ்வும் உறங்கும் முயற்சியையே கைவிடச் செய்யும். இம்முறையில் வரிசை முதன்மையானது. நிகழ்வுகளை எடுத்து முடித்தபின் எண்ணைப் படித்தால், இரண்டுக்கும் இடையே வந்த கவிழ்வு பழைய எண்ணுக்குள் அடங்கிவிடும். பாதுகாப்பு வெறும் சடங்காகிவிடும்.

எழுப்புதலும் எண்ணுதலும்

எழுப்பும் முனை எண்ணுமா என்னும் ஐயம் இங்கே எழும். எண்ணாது. உறக்கத்தில் முனையின் மாற்றம் பதிவாவது ஒரே ஒரு பிட்டில். பலகை எழுந்துவரும் இடைவெளியில் இரண்டு கவிழ்வுகள் நேர்ந்தாலும் அந்தப் பிட் ஒன்றையே காட்டும். மழைமானிக்கு இது எவ்வளவு இடர் தரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 72 மில்லிமீட்டர் என்னும் கடும் மழையில் கவிழ்வுகளுக்கு இடையே 10 நொடி உள்ளது. மணிக்கு 200 மில்லிமீட்டர் வீதத்திலும் 3.6 நொடி உள்ளது. பலகை ஒரு நொடிக்குள் எழுந்துவிடுமானால் இரு கவிழ்வுகள் ஒன்றாகப் பதிவாகும் இடர் இல்லை. ஆயினும் 3.6 நொடிக்கொருமுறை உறங்கி எழுவதில் மின்சேமிப்பும் இல்லை. கடைசிக் கவிழ்வுக்குப் பின் சில நிமிடங்கள் விழித்திருந்து, புதிய கவிழ்வு இல்லையெனில் உறங்குவதே என் கருத்தில் பொருத்தமானது. நீரோட்டமானி போல நொடிக்குப் பல துடிப்புகள் தரும் உணரியாயின் இவ்வழி பயன்படாது. அங்கே உறங்காத தனி எண்ணியோ சிறு நுண்கட்டுப்படுத்தியோ வேண்டும்.

பிழை காணல்

பலகை எழவில்லை எனில், விடுபட்ட இசைவு எந்த அடுக்கில் உள்ளது என்பதைக் காண வேண்டும். சோதனையின்பொழுது ‘ஆர்டிசிவேக்’ கட்டளையால் ஒரு நிமிடத்திற்குப் பின் அலாரம் வைத்து உறங்கச் செய்வது முதற்படி. அலாரத்தாலும் எழாவிட்டால் குறை முனையில் இல்லை. உறங்கும் முறையிலோ ஏதோ ஓர் இயக்கியிலோ உள்ளது. அதற்குப் ‘பிஎம்_டெஸ்ட்’ கோப்பு உதவும். நிரல்களை உறையவைத்தல், சாதனங்களை நிறுத்தல் என ஒவ்வொரு கட்டம் வரை மட்டும் சென்று 5 நொடியில் திரும்பும்படி அதில் அமைக்கலாம். கர்னல் தொடக்க அளபுருக்களில் ‘நோ_கன்சோல்_சஸ்பெண்ட்’ என்பதைச் சேர்த்தால் தொடர்முனையத்தில் கடைசிச் செய்திகள் வரை தெரியும்.

அலாரத்தால் எழுந்து முனையால் எழாவிட்டால், அதே முனையை ‘ஃப்ரீஸ்’ உறக்கத்தில் சோதிக்க வேண்டும். மேலோட்டமான உறக்கத்தில் எழுப்பி ஆழ்ந்த உறக்கத்தில் எழுப்பாத முனையெனில் ஐயம் மின் வட்டாரத்தின் மேல் விழும். இரண்டிலும் எழுப்பாவிட்டால், விழித்திருக்கும் நிலையில் ப்ராக் கோப்புமுறைமையின் ‘இன்டரப்ட்ஸ்’ கோப்பில் அம்முனைக்குரிய எண்ணிக்கை ஒவ்வொரு கவிழ்வுக்கும் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடாவிட்டால் குறை கம்பியிலோ அமைவுப் பதிவகத்திலோ உள்ளது. கூடினால் ‘வேக்கப்-சோர்ஸ்’ பண்பையும் ‘வேக்கப்’ கோப்பையும் நோக்க வேண்டும்.

எழுந்த பலகையிலும் ஒரு சோதனை மீதமுள்ளது. எது எழுப்பியது? எம்3 தரும் விடையைக் கர்னல் பதிவேட்டில் காணலாம். முனையால் எழுந்திருந்தால் ஜிபிஐஓ0 என்று அது குறிக்கும். 32 முனைகளுள் எது என்பதைக் குறிக்காது. அதே தொகுதியில் வேறொரு முனைக்கும் எழுப்பும் உரிமை தரப்பட்டிருந்து அது மிதந்துகொண்டிருந்தால், பதிவேடு மழைமானியைச் சுட்டுவது போலவே தோன்றும். பவர் அடைவின் ‘பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யூ’ கோப்பு எழுப்பிய குறுக்கீட்டின் எண்ணைத் தரும். பிழைகாண் கோப்புமுறைமையிலுள்ள ‘வேக்கப்_சோர்சஸ்’ அட்டவணை ஒவ்வோர் எழுப்பு மூலத்தின் நிகழ்வு எண்ணிக்கையைத் தரும். நாள்தோறும் அனுப்பும் தொகையோடு இந்த எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பும்படி நிரலை அமைக்கலாம். கவிழ்வுகள் சில கூடியிருக்க, எழுப்பல்கள் பூச்சியமாகவே இருந்தால், விழித்திருந்த சில நிமிடங்களில் வந்தவை மட்டுமே எண்ணப்பட்டுள்ளன என்று அறியலாம். இரண்டுமே பூச்சியமாகப் பல நாள் தொடர்ந்தால், யாரேனும் நேரில் சென்று ஒரு குவளை நீரைப் புனலில் ஊற்றிப் பார்க்க வேண்டியதுதான்.